பழைய இடத்தில் ஒரு சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. என் பழைய மடிக்கணினிக்கு விண்டோஸ் 11ஐத் தாங்கும் தெம்பு இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பேரன் விண்டோஸுக்குப் பதிலாக அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். "தாத்தா, முன்னெல்லாம் 'பின்' (bin), 'எஸ்பின்' (sbin), 'லிப்' (lib)னு தனித்தனியா கிடந்த சிஸ்டம் ஃபோல்டரெல்லாம் இப்ப 'யுஎஸ்ஆர்' (usr)ங்கற ஒரே ஃபோல்டருக்குள்ள போயிடுச்சு. உங்களுக்கு ரொம்ப ஈஸி" என்றான்.

எனக்கு அதில் என்ன ஈஸி என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஃபோல்டர்கள் பக்கம் நான் எட்டிப் பார்க்கப் போவதே இல்லை. (எங்கள் ஸ்டோரில் பின் என்றால் ஆணி, நட்டு போட்டு வைக்கும் பெட்டி. லினக்ஸில் அது பைனரியின் சுருக்கமாம்.)

அவை ஏன் பிரிந்து கிடந்தன என்று கேட்டபோது பேரன் சொன்ன கதை எனக்குப் புதிதில்லை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியபோது முதல் வட்டு நிரம்பிவிட்டது. மிச்சத்தை, பயனர்களின் கோப்புகள் இருந்த இரண்டாம் வட்டுக்குத் தள்ளினார்கள். அதுதான் யுஎஸ்ஆர். பின்னால் வந்தவர்கள் அந்தப் பிரிவினைக்கு ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். எங்கள் ஸ்டோரிலும் ரேக்கில் இடம் போதாமல் கேஸ்கெட்டுகளை வெளியே ஒரு கன்டெய்னரில் போட்டு, கதவில் சாக்பீஸால் 'தற்காலிகம்' என்று எழுதினோம். கன்டெய்னர் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகும் கேஸ்கெட் அங்கேதான். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் கேட்டால் தீப்பாதுகாப்புக்காக என்போம். சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கொட்டகைக்கு மாற்றினார்கள். லாபம் யாருக்கு? எங்களுக்கு. நான்கு நாள் எடுத்த சரக்குக் கணக்கெடுப்பு இரண்டு நாளில் முடிந்தது. ஜன்னலில் நின்று எலக்ட்ரோடு கேட்ட வெல்டருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. லினக்ஸ்காரர்களின் ஒழுங்கும் இப்படித்தான். புதுப்பிப்பவருக்கும் பராமரிப்பவருக்கும் வேலை மிச்சம். அதை "உங்களுக்காக" என்று என்னிடம் விற்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மெச்சுகிறேன். நாங்கள் இடம் மாறியபோது பழைய ரேக்குகளில் கம்பி கட்டி, 'ரேக் 14ல் பார்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தோம். டெபியனிலும் பழைய 'பின்' என்ற பெயர் அப்படியே நிற்கிறது. திறந்தால் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பழைய முகவரியை நம்பி எழுதிய நிரல்கள் இன்றும் ஓடுகின்றன. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் தன் 17ஆம் பதிப்பில் இந்த மாற்றத்தைச் செய்தது 2012இல். டெபியன் 12 இதைக் கட்டாயமாக்கியது 2023இல். அத்தனை நிதானம்.

கைப்பேசியில்தான் இந்த நிதானத்தைக் காணோம். அங்கே எளிமை என்றால் ஒளித்து வைப்பது. ஐஃபோன் வந்தது 2007இல். கோப்புகளைப் பார்க்க அதற்கென்று ஒரு செயலி வந்தது 2017இல், ஐஓஎஸ் 11உடன். ஃபோல்டர் என்றால் மக்களுக்குக் குழப்பம், கண்ணில் காட்டாதே என்று பத்து வருடம் இருந்துவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லிக் கொடுக்கப் போவேன். போன மாதம் ஓர் அம்மா தம் ஆண்ட்ராய்டு கைப்பேசியை நீட்டினார். பதிவிறக்கப் பட்டியலில் அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் அறிக்கை ஒன்பது முறை இருந்தது. ஒரே பெயர், பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று 8 வரை. பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் புதிதாக இறக்கியிருக்கிறார். "ஐயா, போன வாரம் பார்த்தது இந்த வாரம் எங்கே போயிடுது?" என்றார். அவர் சமையலறையில் கடுகு டப்பா எது, வெந்தய டப்பா எது என்று இருட்டிலும் சொல்வார். ஃபோல்டர் புரியாதவர் என்று அவரைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு யாரும் அலமாரியைக் காட்டவில்லை.

மூத்தோருக்குக் கைப்பேசி பழக்கும் மின்னிலக்கத் தூதர்கள், அரசுச் சேவைகளுக்கு நுழைய உதவும் சிங்பாஸ், பணம் அனுப்பும் பேநவ், கியூஆர் எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், நன்றி. கூடவே ஒரு மணி நேரம், இறக்கிய கோப்பு எங்கே போய் உட்காருகிறது, அதற்கு எப்படிப் பெயர் மாற்றுவது, வேறு ஃபோல்டருக்கு எப்படி நகர்த்துவது என்பதையும் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். ஆள் வேண்டுமென்றால் செவ்வாயும் வியாழனும் காலையில் எனக்கு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
ஈசூன்