மேய்க்கால் மீண்டது: கை கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் ஊரின் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊருக்கு வடக்கே குட்டையை ஒட்டிக் கிடக்கும் நிலம் இனியும் மேய்ச்சல் நிலம்தான். மாவட்ட வருவாய் அலுவலரின் உத்தரவு வந்து, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பழையபடி ‘மேய்க்கால்’ என்று ஏறிவிட்டது. இணையத்தில் எடுத்துப் பார்த்தும் உறுதி செய்துகொண்டோம். இதற்காக அலைந்தவர்களையெல்லாம் வீடு தேடிப் போய்க் கும்பிடுவதுதான் முறை. பாதிப் பேர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருப்பதால் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள்; அதனால் யார் பேரும் இதில் இல்லை.

எங்கள் கோயில் மாடுகள் மேய்வது இந்த நிலத்தில்தான். வெளியூரிலிருந்து உதவியவர்களில் சிலர், “கோயிலுக்குக் கோசாலை கட்டிவிட்டால் போகாதா, எதற்கு இவ்வளவு நிலம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உடுமலைப் பக்கம் கம்பளத்தார் சமூகத்து ஊர்களில் தைப்பொங்கலன்று பிறக்கும் கன்று மாலுக்கு, அதாவது திருமாலுக்கு, உரியது. அதைக் கறவைக்கோ ஏருக்கோ வண்டிக்கோ வைத்துக்கொள்ள மாட்டோம். காளைக்கன்று என்றால் சலகெருதாக, அதாவது சாமிக்கு ஆடும் எருதாக, வளரும். மார்கழி முழுக்க ராத்திரியில் உறுமி அடித்து, நீளக் கோல்களைக் காட்டி அதை ஆடப் பழக்கி, மாட்டுப் பொங்கலுக்குச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குக் கூட்டிப் போவோம். சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் பாலும் மண்ணில் செய்த மாட்டு உருவாரமும் கொண்டுவரும் கோயில் அது. இப்படிச் சாமிக்கு விட்ட மாட்டைக் கொட்டிலில் கட்டிப்போட்டுத் தவிடு வைத்தால் அது சாமி மாடு ஆகாது என்பது எங்கள் பெரியவர்கள் கட்சி. அது நாலு கால் வீசி நடந்து, தானே மேய வேண்டும். அதற்கு நிலம் வேண்டும்.

நிலமோ சுருங்கிக்கொண்டே வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் எட்டிய இடமெல்லாம் தென்னந்தோப்பு. எட்டாத இடத்தில் காற்றாலை. முன்பு அறுவடை முடிந்த காட்டில் யார் மாடும் மேயும், இப்போது கம்பிவேலி. மிச்சம் இருந்தது இந்த ஒரு மேய்க்கால்தான். வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும், எல்லையில் கிளுவை வேலியும் உள்ள காடு. ஐப்பசி மழை பெய்தால் தை வரைக்கும் பச்சை நிற்கும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்கு வயிறு நிறையும்.

பக்கத்துக் காட்டை வாங்கி சைட் போட்டவர்கள் இந்த நிலத்தின் குறுக்கே பாதைக்குக் கல் நட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. போய்க் கேட்டால், “இது மேய்க்கால் இல்லீங்க, வெறும் தரிசு” என்று பதிவேட்டைக் காட்டினார்கள். அவர்கள் காட்டியது பொய்யும் இல்லை. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர் திட்டத்தில் யாரோ ‘அரசு தரிசு’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்பது வருஷம் யாரும் பார்க்கவில்லை. மாடு பதிவேட்டைப் பார்த்தா மேய்கிறது?

முதல் நன்றி, அக்கிரகாரத் தெருவில் இருக்கும் பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வீட்டுப் பேரனுக்கு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கரையான் அரிக்காமல் காத்து வைத்திருந்தார். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகல் அதற்குள்தான் கிடைத்தது. அதில் அந்தப் புல எண்ணுக்கு நேரே மேய்க்கால் என்று தெளிவாக இருந்தது. வீட்டுத் தாள் மட்டும் போதாது என்று சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகலை வாங்கிக் கொடுத்தது கோவையில் சட்டம் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண். மனுவில் ஜக்பால் சிங் வழக்கின் 2011 தீர்ப்பையும் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அதற்குப் பிறகு எங்கள் மனுவைப் படித்தவர்கள் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மணி, உனக்குக் கறுப்புக் கோட்டுத் துணி ஊர் செலவு.

அடுத்து, அருந்ததியர் தெருவில் ஆடு மேய்க்கும் அக்காமார்களுக்கு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். காந்தி ஜெயந்தி கிராம சபையில் எங்கள் ஆட்கள் கோயில் மாடு, சாமி, பாரம்பரியம் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா எழுந்து, “உங்க சாமி மாடு ஏழெட்டு. எங்க ஆடு இருநூறுக்கு மேல. நெலம் போனா உங்களுக்குச் சாங்கியம் போகும், எங்களுக்குச் சோறு போகும். அதையும் எழுதுங்க” என்றார். எழுதினோம். தீர்மானத்தின் பலமே அந்த வரியில்தான் வந்தது. ஒரு கோயிலின் கோரிக்கை என்றால் ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாலு தெருவும் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை அப்படி ஒதுக்க முடியவில்லை.

சர்வேயர் வந்த அன்று அந்த அக்காவின் மாமியார்தான் காப்பாற்றினார். புலப்படத்தில் காட்டியிருந்த வடமேற்கு மூலைக் கல்லைக் காணவில்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஆட்கள் தேடித் தேடிச் சலித்துவிட்டார்கள். கல் இல்லையென்றால் அளவு அன்றோடு நின்றுபோகும். பாட்டி வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, “நான் தெனமும் பாக்கு இடிக்கிற கல்லு ஒண்ணு இருக்குது, அதுவா பாருங்க சாமி” என்று ஒரு புதருக்குப் பின்னால் கூட்டிப்போனார். மண்ணைத் தள்ளிப் பார்த்தால், மேல்பக்கம் சிவப்பேறிப்போய், நடுவில் வெட்டிய கோடு தெரிந்தும் தெரியாமலும், சர்வே கல்! சர்வேயர் தம்பி சிரித்துவிட்டார். உச்சி வெயிலில் நாலு எல்லையும் முடிக்காமல் எழுந்து போகாத அவருக்கும், கூட வந்த கிராம உதவியாளருக்கும் நன்றி.

வருஷா வருஷம் தாலுகாவில் கிராமக் கணக்கு பார்க்கும் ஜமாபந்தியில் எங்கள் மனுவை வாங்கிப் படித்துவிட்டு “இதை எங்கே அனுப்ப வேண்டும்” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த வருவாய்த் துறை ஊழியர்களுக்கும் நன்றி. போட்டோவுக்காக மட்டும் வந்தவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. உத்தரவு வந்த மறுநாளே முளைத்த பிளெக்ஸ் பேனரில் அவர்கள் தங்களுக்குத் தாங்களே நன்றி சொல்லிக்கொண்டுவிட்டார்கள்.

டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிக் கொடுத்த ஜேசிபி பாய்க்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. “நோன்பு நேரம், வெயிலுக்கு முன்னாடி வந்துடறேன்” என்று விடியலில் வந்து நின்றார். பனியன் கம்பெனியிலிருந்து சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை கிளுவைக் குச்சி நட்ட பையன்களுக்கும், அவர்களுக்குக் கம்பங்கூழ் கரைத்த வீடுகளுக்கும் நன்றி. குச்சியில் பாதிக்கு மேல் துளிர் விட்டிருக்கிறது.

சைட் போட்டவர்கள் பாதைக்கு நட்ட கற்களை இன்னும் முழுதாக எடுக்கவில்லை. தாலுகாவில் அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம். அப்போது மறுபடியும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மார்கழி ஒன்றாம் தேதியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் மந்தையில் சலகெருது ஆட்டம். எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள். டூவீலரை மேய்க்காலுக்குள் விடாமல் குட்டைக் கரையோடு நிறுத்துங்கள். தீனி கொண்டுவருகிறவர்கள் பாலித்தீன் பையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போங்கள். போன வருஷம் ஒரு கிடாரி அதைத் தின்றுவிட்டு வைத்தியரிடம் போக வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில், மாலகோயில் மாடு பார்க்கும் குடும்பத்தில் ஒருவன்