ஆக்டேவியாவுக்குத் தடித்த ஸ்வே பார்: குமரனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
அக்டோபர் கடைசி

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்கு காலேஜ் சீட் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவின் முட்டிவலிக்கு நீ கேட்டிருந்த விவரத்தைத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க உன் ஸ்கோடா ஆக்டேவியா காருக்குத்தான்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் அந்த 70 கொண்டை ஊசியிலும் வண்டி சாய்கிறது, மூக்கு வளைவுக்கு வெளியே இழுக்கிறது, அதனால் முன்னும் பின்னும் தடித்த ஸ்வே பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். சாய்வது வேறு, மூக்கு இழுப்பது வேறு. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்து மருந்து வாங்கினால், சாய்வு நின்று இழுப்பு கூடிப்போன வண்டிதான் மிஞ்சும்.

கணக்கைப் பார். ஆளோடு சேர்த்து வண்டி 1450 கிலோ என்று வை. எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 155 செ.மீ. வளைவில் 0.5 ஜி, அதாவது வண்டி எடையில் பாதி அளவு, பக்க விசை வந்தால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 250 கிலோ இடம் மாறுகிறது. விரல் தடிமன் பார் போட்டாலும் சரி, கட்டைவிரல் தடிமன் போட்டாலும் சரி, அந்த 250 கிலோவில் சொல்லும்படியாக ஒன்றும் குறையாது. அதில் முன் அச்சின் பங்கு எவ்வளவு, பின் அச்சின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும்தான் பார் மாற்றும். டயர் மேல் எடை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஆகவே எந்த அச்சில் எடை ஒருபக்கமாகக் குவிகிறதோ அந்த அச்சு மொத்தப் பிடிமானத்தில் நட்டப்படும். முன்னால் தடித்த பார் போட்டால் அந்த நட்டம் முன் டயருக்கு. ஏற்கெனவே மூக்கு இழுக்கும் வண்டிக்கு அது எண்ணெய் ஊற்றிய கதை.

போதாததற்கு உன்னுடையது முன்சக்கர இழுவை. வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்க முன்சக்கரம் லேசாகி வெறுமனே சுற்றுவதை நீயே பார்த்திருப்பாய். முன் பார் விறைக்க விறைக்க அந்தச் சக்கரம் இன்னும் லேசாகும். டர்போ வண்டியில் இது சீக்கிரமே தெரியும். அதனால் என் முடிவு: பின்னால் மட்டும் மாற்று, முன்னால் இருப்பதைத் தொடாதே. தொட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டியில் முன் பாரை எடுக்க சப்ஃபிரேமை (சஸ்பென்ஷன் கைகளைத் தாங்கும் அடிச்சட்டத்தை) இறக்க வேண்டும். அதன் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை, புதிதாகத்தான் போட வேண்டும். அப்புறம் அலைன்மென்ட், ஸ்டீயரிங் நடு நிலை என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

ஆர்டர் போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை தலையை விட்டுப் பார். இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்துக்கொண்டு குறுக்கே ஒரே தடித்த பீம் போனால் அது டார்ஷன் பீம். அந்த பீமே முறுகிக்கொடுத்துப் பாதி பார் வேலையைச் செய்துவிடும். அதற்கு வரும் பார், பீமோடு போல்ட் போட்டு இறுக்கும் வேறு வகை. உன்னுடையது 1.8 டிஎஸ்ஐ என்பதால் பின்னால் மல்டிலிங்க்தான் இருக்க வேண்டும்: பல கைகள், நடுவில் சப்ஃபிரேம், அதன்மேல் இரண்டு கிளாம்ப்பில் உட்கார்ந்த தனி பார். பழைய பாரின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் நீயே அள. ஒரே மாடலிலேயே சஸ்பென்ஷனைப் பொறுத்து வேறு வேறு தடிமன் பார் வருவதுண்டு. அளக்கும் இடத்தில் பெயின்ட் உப்பியிருந்தால் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு அள. 1 மி.மீ. பிசகினால் என்ன ஆகும் என்பதை இதோ சொல்கிறேன்.

பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். 20 மி.மீ. பாரை 22 ஆக்கினால் 2 மி.மீ. தானே என்று தோன்றும், விறைப்போ 46 சதவீதம் கூடுகிறது. 24 ஆக்கினால் இரு மடங்கைத் தாண்டிவிடும். குழாய் பார் என்றால் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதே. முறுக்கும்போது வேலை செய்வது வெளிவிளிம்பில் இருக்கும் உலோகம்தான், நடுவில் இருப்பது சும்மா எடை. 4 மி.மீ. சுவருள்ள 24 மி.மீ. குழாய், 22 மி.மீ. கட்டிப் பாரைவிட 14 சதவீதம் விறைப்பு, எடையோ அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் விட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு கம்பெனி பாரை ஒப்பிட முடியாது. கட்டியா, குழாயா, குழாய் என்றால் சுவர் எவ்வளவு என்று கேள். பதில் வராத கடையில் வாங்காதே.

முனையில் இரண்டு மூன்று துளையுள்ள பார் கிடைத்தால் அதையே எடு. லிங்க் (பாரின் முனையைச் சக்கரத்தின் கையோடு இணைக்கும் குச்சி) மாட்டும் துளை முனையை ஒட்டியிருந்தால் நெம்பு நீளம், பார் இளக்கம். உள்ளே தள்ளியிருந்தால் நெம்பு குட்டை, பார் விறைப்பு. நெம்பு 260 மி.மீ.-லிருந்து 240 ஆனாலே 17 சதவீதம் விறைக்கும். முதல் மாதம் முனையை ஒட்டிய கடைசித் துளையிலேயே ஓட்டு. தடிமன் விஷயத்தில் மலைப்பாதையும் ஊரும் கலந்து ஓட்டுகிற குடும்ப வண்டிக்கு, இருப்பதைவிட 2 மி.மீ., அதிகம் போனால் 3. அதற்கு மேல் போகிறவர்கள் டிராக்கில் ஓட்டுகிறவர்கள், அவர்கள் வழி உனக்கு வேண்டாம்.

பாருக்குக் காசு கொடுக்கும் முன் பழைய புஷ்ஷையும் (கிளாம்ப்புக்குள் பாரைச் சுற்றி இருக்கும் ரப்பர்) லிங்க்கையும் சோதித்துவிடு. லிங்க்கின் பந்து மூட்டு தேய்ந்திருந்தால் வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் பார் வேலைக்கே வரும். அந்த ஆட்டம்தான் திருப்பியதும் முதலில் தெரியும் தொளதொளப்பு. இரண்டு பின்சக்கரமும் ஒரே அளவில் தொங்கும்போது பாரில் முறுக்கு இருக்காது. அந்த நேரத்தில் லிங்க்கைக் கையால் பிடித்து வெடுக்கென்று ஆட்டினால் டக் என்று விரலில் தெரியும். புஷ்ஷுக்கும் பாருக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் முனை தாராளமாக நுழைந்தால் புஷ்ஷும் போயிற்று. புது லிங்க் இரண்டு, புது புஷ் இரண்டு போட்டதுமே பலர் பார் ஆசையை விட்டுவிடுகிறார்கள். உனக்கும் அப்படி ஆனால் நல்லதுதான், மிச்சக் காசுக்கு நல்ல டயர் வாங்கு. பிடிமானத்தைக் கூட்டுவது டயர், பார் அல்ல.

சரி, மாட்டியே தீருவேன் என்றால் கேள். முந்தின நாள் இரவே லிங்க் நட்டிலும் கிளாம்ப் போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வை. வண்டியைத் தூக்கும்போது இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கு. ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுகியபடி நிற்கும், லிங்க் நட்டைக் கழற்றியதும் பார் துள்ளி மணிக்கட்டைப் பதம் பார்க்கும். ஹேண்ட்பிரேக்கை நம்பாதே. அது பிடிப்பது பின்சக்கரத்தை, பின்சக்கரமோ காற்றில். கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, இரண்டு ஸ்டாண்டு கட்டாயம்.

லிங்க் நட்டைத் திருப்பினால் உள்ளே பந்து மூட்டும் சேர்ந்து சுற்றும். அதன் முனையில் ஆலன் கீ அல்லது டார்க்ஸ் நுழைய ஒரு பள்ளம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்பு. பள்ளத்தில் மண் அடைத்திருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடு, இல்லாவிட்டால் கீ வழுக்கிப் பள்ளம் வட்டமாகிவிடும். அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். செனான் விளக்கு வண்டியாக இருந்தால் பின்னால் உயரம் பார்க்கும் சென்சார் ஒன்று சின்னக் குச்சியோடு கைமேல் மாட்டியிருக்கும். அதை ஒடித்துவிடாதே. கிளாம்ப்பைக் கழற்றியதும் பார் நெளிந்து நெளிந்து ஒருபக்கமாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் எக்ஸாஸ்ட் ரப்பர் ஹேங்கரைக் கழற்றிக் குழாயைக் கொஞ்சம் தாழ்த்து. அப்படியும் வரவில்லை என்றால் சப்ஃபிரேம் போல்ட்டைத் தளர்த்தும்படி ஆகும். அந்தக் கட்டத்தில் மூடிவிட்டு, லிஃப்ட் உள்ள இடத்துக்குப் போய்விடு.

புது பாருக்கு அதன் விட்டத்துக்கேற்ற புஷ்தான். பழைய புஷ்ஷைத் திணித்தால் பாரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வண்டி ஒவ்வொரு குழிக்கும் வெடுக்கென்று துள்ளும். பாலியூரிதீன் புஷ் என்றால் உள்பக்கம் முழுக்க சிலிகான் கிரீஸ் தாராளமாகத் தடவு. ரப்பர் புஷ் என்றால் பெட்ரோலிய கிரீஸ் பக்கமே போகாதே, ரப்பர் ஊதிப்போகும். கிளாம்ப்பை இறுக்கிய பிறகு, லிங்க் மாட்டுவதற்கு முன், பாரின் முனையை ஒரு கையால் தூக்கி இறக்கிப் பார். கொஞ்சம் இறுக்கத்தோடு, ஆனால் எங்கும் சிக்காமல் அசைய வேண்டும். இரண்டு கையும் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் புஷ் அளவு தவறு, அப்படியே மாட்டிவிடாதே. பார் பக்கவாட்டில் நகராமல் இருக்க வளையம் கொடுத்திருந்தால், புஷ்ஷை ஒட்டி 1 மி.மீ. இடைவெளி விட்டு இறுக்கு. அதற்கு முன் பாரின் இரு முனையும் சக்கரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்துக்கொள்.

லிங்க் நீளத்தை மாற்றக்கூடிய வகை என்றால் கடைசி இறுக்கம் வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது, ஓட்டும் இருக்கையில் உன் எடைக்கு ஒருவரை உட்காரவைத்துவிட்டு. இரண்டாவது லிங்க்கின் போல்ட் தள்ளாமல் இழுக்காமல் தானாகத் துளையில் நுழைய வேண்டும். சுத்தியல் கேட்டால் பாரில் முன்முறுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். டார்க் அளவுகளை (போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை) சர்வீஸ் மேனுவலில் உன் வண்டிக்கென்று பார்த்து எடு. கூடவே கோணமும் சொல்லியிருக்கும் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கு. 100 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சில் பார்.

பிறகு சத்தம் வந்தால் பதறாதே. காய்ந்த கதவுக் கீல் போலக் கிரீச்சிட்டால் பாலி புஷ்ஷில் கிரீஸ் காய்ந்துவிட்டது. மெதுவாகப் போகும்போது சின்னக் குழியில் டக்டக் என்றால் லிங்க் நட் தளர்வு அல்லது மூட்டு போயிற்று. மேடு ஏறி இறங்கும்போது மட்டும் டங் என்று உலோகம் இடித்தால் பார் எக்ஸாஸ்ட்டைத் தொடுகிறது. தடித்த பார் தன் விசையை எல்லாம் கிளாம்ப் உட்காரும் இடத்தில்தான் இறக்கும். சுபாரு இம்பிரெசா வைத்திருப்பவர்கள் தடித்த பின் பாரோடு கெட்டியான மவுண்ட்டையும் சேர்த்தே வாங்குவது இதற்காகத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் விரிசல், பெயின்ட் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசம் தெரியும். வேகத்தடையில் நேராக ஏறினால் இரு சக்கரமும் ஒன்றாக எழும்பும், பார் முறுகாது, பழைய வண்டி போலவே இருக்கும். அடி இடிக்குமே என்று குறுக்காக ஏற்றுவோமே, அப்போது பார் முழுக்க முறுகும், பின்சீட்டில் இருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது நினைவில் வை.

முக்கியமானதைக் கடைசியில் வைத்துவிட்டேன். பின் பார் விறைத்தால் மூக்கு இழுப்பது குறையும், அந்த அளவுக்கு வால் லேசாகும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைப் படக்கென்று விட்டால் எடை முன்னால் ஓடி வால் வெளியே வீசப் பார்க்கும். வெயிலில் இது சுகம். ஐப்பசி மழையில் பாறையோரம் தண்ணீர் வழியும் இறக்கத்தில் சுகமில்லை. அதனால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்காதே. நல்ல டயரைப் பின்னால் போடு, தேய்ந்த ஜோடியைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்த பாரை மாட்டவே மாட்டாதே. மலைக்குப் போவதற்கு முன் காலியான மைதானத்தில் ஒரு வட்டத்தில் மெல்ல ஓட்டி, சீராக வேகம் கூட்டி, முதலில் முன்பக்கம் நழுவுகிறதா பின்பக்கமா என்று பார். பார் மாட்டும் முன்பும் இதே வட்டம், மாட்டிய பின்பும் இதே வட்டம், டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரே காற்றழுத்தம். இடையில் அலைன்மென்ட், டயர், ஸ்பிரிங் எதையும் மாற்றாதே. எது என்ன செய்தது என்றே தெரியாமல் போகும். வால் கொஞ்சம் அதிகமாக ஆடினால் பாரைக் கழற்ற ஓடாமல், பின் டயர் காற்றை, வண்டிக் கதவில் போட்டிருக்கும் அளவுக்குக் கீழே போகாமல், 2 பிஎஸ்ஐ மாற்றிப் பார்.

வெர்னியர் உன்னிடம் இல்லாவிட்டால் பக்கத்து லேத் பட்டறையில் இருக்கும். பார் விட்டம், லிங்க்கின் நீளம், இரண்டு கிளாம்ப்பின் படம், இந்த மூன்றையும் எனக்கு அனுப்பு. அதுவரை எதற்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்