முதலில் சம்பளம், பிறகு ஜெர்சி: ரக்பி ஃபுட்பால் லீகுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 டிசம்பர் 3 அன்று நீதிமன்றம் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு ரெட் டெவில்ஸ் ரக்பி லீக் கிளப்பைக் கலைத்து உத்தரவிட்டது. 1873-இல் தொடங்கிய கிளப் அது. புதிய நிர்வாகம் ஒன்று சால்ஃபோர்டு பெயரோடு இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் பிரிவில் ஆட நீங்கள் இடம் கொடுத்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் 2025 பருவம் முழுக்க அந்தச் சிவப்பு ஜெர்சியைப் போட்டு ஆடியவர்கள் பட்ட பாடு, கிளப் பெயர் பிழைத்துவிட்டது என்பதற்காக மறந்துபோகக் கூடியதல்ல. அது ஏன் நடந்தது, எந்த விதியை எங்கே மாற்றினால் அடுத்த கிளப்பில் நடக்காது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள் கூடிப் பழைய ரக்பி சங்கத்தை விட்டு வெளியேறியது கூலிக்காகத்தான். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர் சனிக்கிழமை ஆட்டத்துக்காக இழக்கும் கூலியைக் கிளப் ஈடுகட்ட வேண்டும் என்றார்கள். பழைய சங்கம் மறுத்தது, இவர்கள் பிரிந்தார்கள். சால்ஃபோர்டு அடுத்த ஆண்டே, 1896-இல், வந்து சேர்ந்தது. ஆடுகிறவரின் கூலிக்காக உண்டான லீகில், 2025-இல் ஒரு கிளப்பின் ஆட்டக்காரர்கள் மாதாமாதம் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமல் களமிறங்கினார்கள்.

பணக்கதையைத் தேதிவாரியாகப் பார்ப்போம். 2024-இல் பால் ரோலி பயிற்றுவித்த சால்ஃபோர்டு முதல் நிலைப் பிரிவான சூப்பர் லீகில் நான்காம் இடம் பிடித்தது. சூப்பர் லீகில் யார் ஆடுவது என்பதை முடிவு செய்ய அக்டோபரில் வந்த தரவரிசையிலும் 2025-க்கான முதல் 12 கிளப்புகளுக்குள் இருந்தது. அடுத்த மாதமே, 2025-க்கு லீகிலிருந்து வரவேண்டிய பங்குத் தொகையில் 5,00,000 பவுண்டை முன்பணமாகக் கேட்டது. அடுத்த ஆண்டு விதைநெல்லை இந்த ஆண்டே குத்தித் தின்ற கதைதான். நீங்கள் கிளப்பைச் சிறப்புக் கண்காணிப்பில் வைத்தீர்கள். பிப்ரவரியில் புதிய உரிமையாளர் குழுவுக்கு அனுமதி கொடுத்தீர்கள். ஆனால் வரும் என்று சொன்ன பணம் வந்து சேரவில்லை என்பதால், மற்ற கிளப்புகளுக்கு 2.1 மில்லியனாக இருந்த சம்பள உச்சவரம்பைச் சால்ஃபோர்டுக்கு 1.2 மில்லியன் பவுண்டாக இறக்கினீர்கள்.

உச்சவரம்பைக் குறைத்ததன் நோக்கம் புரிகிறது. இல்லாத பணத்தைச் செலவழிக்க விடக் கூடாது. ஆனால் அந்த வெட்டு விழுந்தது உரிமையாளர் மேல் அல்ல, அணிப்பட்டியல் மேல். மூத்த ஆட்டக்காரர் ஒருவரின் சம்பளத்தில் ஐந்தாறு இளைஞர்கள் அடங்குவார்கள். ஆகவே மூத்தவர்கள் நல்ல உடல்நிலையில் பார்வையாளர் இருக்கையில் இருக்க, ரிசர்வ் அணிப் பையன்கள் முதல் சுற்றில் செயின்ட் ஹெலன்ஸை எதிர்கொண்டார்கள். பிப்ரவரி 15. செயின்ட் ஹெலன்ஸுக்கு 82-0 வெற்றி.

அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'மோசமாக ஆடினார்கள்' என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. ரக்பி லீகில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பதுதான் டேக்கிள்; எதிரணிக்குத் தொடர்ந்து ஆறு டேக்கிள் வரை பந்து. ஒவ்வொரு டேக்கிளிலும் தடுப்பவர் மோத வேண்டும், தூக்கிச் சாய்க்க வேண்டும், எழ வேண்டும், பத்து மீட்டர் பின்னால் ஓட வேண்டும், உடனே திரும்பி முன்னால் பாய வேண்டும். நடுவில் நிற்கும் ப்ராப், இப்படி ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை செய்வார். அதனால்தான் அவரை முழு 80 நிமிடமும் விடுவதில்லை; இருபத்தைந்து நிமிடம் ஆடி, பெஞ்சில் மூச்சு வாங்கி, மறுபடி வருவார். அணிக்கு எட்டு மாற்றங்கள்தான். பெஞ்ச் ஆட்டக்காரர்களில் ஒருவருக்குத் தோள் போய்விட்டால், மற்றவர்களின் ஓய்வு நேரம் அந்தக் கணமே குறைகிறது.

இன்னொன்று. எதிரணி பந்தைக் கோட்டைத் தாண்டி ஊன்றிப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை. அப்படி ட்ரை வாங்கிய அணிதான் மறுபடி பந்தை உதைத்துத் தொடங்க வேண்டும். பந்து போவது ட்ரை போட்ட அணியிடமே. அதாவது களைத்தவர்களே மீண்டும் தடுக்க வேண்டும். களைத்த ப்ராப் பத்து மீட்டர் பின்வாங்குவதில் அரை அடி தாமதித்தால், அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் நடுவே இடைவெளி விழும். டேக்கிளுக்குப் பின் பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடரும் எதிரணி ஹூக்கர் அந்த இடைவெளியைத்தான் தேடிக்கொண்டிருப்பார். அங்கே ஒரு ட்ரை, மறுபடி பந்து அவர்களுக்கே. இந்தச் சுழலில் மாட்டிய பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. அந்த உடல் இன்னும் அந்த வேகத்துக்குத் தயாராகவில்லை, அவ்வளவுதான். களைத்த நிலையில் டேக்கிள் செய்கிறவரின் தலை தவறான பக்கம் போகும். எதிராளியின் இடுப்பெலும்பிலோ முழங்காலிலோ மோதும். தலைக்காயம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, டேக்கிள் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, செய்கிறவருக்கும்.

தலைக்காயப் பரிசோதனையில் தேறாதவர் அடுத்த வார ஆட்டத்தையும் இழக்கிறார். ஏற்கெனவே ஆள் குறைவான அணியில் அவர் இடத்துக்கு இன்னும் இளையவர் வருவார். இந்தக் கண்ணியைத்தான் பருவம் முழுக்கப் பார்த்தோம். மார்க் ஸ்னெய்ட், காலம் வாட்கின்ஸ், டியான் கிராஸ் என்று அனுபவஸ்தர்கள் நடுவிலேயே வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். சம்பளம் வராத வீட்டில் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. போனவர்கள் இடத்தை இரவல் ஆட்டக்காரர்கள் நிரப்பினார்கள். இரவல் ஆட்டக்காரரின் சிக்கல் என்னவென்றால், அவர் செவ்வாய்க்கிழமை வந்து வெள்ளிக்கிழமை ஆடுவார். தடுப்பு வரிசையில் யார் குரல் கொடுக்கிறார்கள், யார் முன்னால் பாய்வார், யார் பொறுப்பார் என்பதெல்லாம் வாரக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்து வருவது. அது படிவதற்குள் சொந்த கிளப் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 10 அன்று வேக்ஃபீல்டு ஆட்டத்துக்கு ஆள் சேரவில்லை. ஆட்டக்காரர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சால்ஃபோர்டு விலகியது. வேக்ஃபீல்டுக்கு 48-0 வெற்றி என்று பதிவானது. பருவ முடிவில் சால்ஃபோர்டுக்கு அட்டவணையின் கடைசி இடம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

உரிமையாளரிடம் வாக்குறுதிக் கடிதம் வாங்காதீர்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆகவே சட்டியைத் திறந்து பாருங்கள். கணக்கு சிக்கலானதல்ல. 30 ஆட்டக்காரர்கள், மொத்தச் சம்பளம் ஆண்டுக்கு 1.2 மில்லியன் என்றால் மாதம் 1,00,000 பவுண்ட். 2025 ஏப்ரல் முதல் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு, தலைக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்ட் கழித்து மீதிக்கு 15%. அது மாதம் ஏறக்குறைய 13,000. ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 6,80,000 பவுண்ட். பிஸியோ, மருத்துவர், பயிற்சியாளர்கள் சம்பளம் இதற்கு மேல். இந்தத் தொகை உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள தனிக் கணக்கில் விழுந்த பிறகே உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். சம்பள நாள் மதியம் வரை பணம் போகவில்லை என்றால், மூன்றாம் நாள் அந்தக் கணக்கிலிருந்து நீங்களே கொடுங்கள். எடுத்த தொகையை உரிமையாளர் முப்பது நாளில் நிரப்பாவிட்டால் அவர் உரிமையாளராக நீடிக்கக் கூடாது.

பணக்கார உரிமையாளர்கள் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வாங்க வருகிறவர்களும் ஓடிவிடுவார்கள் என்பீர்கள். ஆறு மாதச் சம்பளத்தை எடுத்து வைக்க முடியாமல் ஓடுகிறவர் பிப்ரவரியிலேயே ஓடட்டும். அப்போது ஆட்டக்காரர்களுக்கு வேறு கிளப் தேட நேரமாவது இருக்கும்.

வரி விஷயத்தில் அறிகுறி எப்போதும் முன்னாலேயே தெரிகிறது. பணம் இறுகும் கிளப் முதலில் நிறுத்துவது வரிக் கட்டணத்தைத்தான், ஏனென்றால் வரித்துறை ஆட்டக்காரரைப் போல மறுநாள் காலையில் வந்து கேட்பதில்லை. ஆட்டக்காரர் சம்பளத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 22-ஆம் தேதிக்குள் இணையவழியில் கட்டியாக வேண்டும். ஒவ்வொரு கிளப்பும் 25-ஆம் தேதிக்குள் அந்த ரசீதை உங்களுக்கு அனுப்பட்டும். ஒரு மாதம் தவறினால் விசாரியுங்கள். இரண்டு மாதம் தவறினால் லீக் பங்குத் தொகையிலிருந்து நேரே வரித்துறைக்குக் கட்டுங்கள். சால்ஃபோர்டை நீதிமன்றத்துக்கு இழுத்தது வரித்துறையின் மனுதான். அது பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் சில வாரப் பதற்றத்தைக் கொடுத்துத்தான் முடிந்தது.

கலைப்பு ஆணை வந்தால் ஆட்டக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்று எத்தனை இளைஞர்களுக்குத் தெரியும்? வேலை ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. அரசின் காப்பீட்டு நிதி, நிலுவைச் சம்பளத்தில் எட்டு வாரம் வரைதான் தரும். அதுவும் 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் வாரத்துக்கு 719 பவுண்ட் உச்சவரம்பு. வாரம் 1,000 பவுண்ட் வாங்குகிறவருக்கு எட்டு வாரப் பாக்கி 8,000. கைக்கு வருவது வரி பிடிப்பதற்கு முன் 5,752. ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் ஆண்டுகளின் பணத்துக்கு அவர் கிளப்பிடம் பணம் வரவேண்டிய சாதாரணக் கடன்தாரர் வரிசையில், வரித்துறைக்கும் பின்னால், நிற்க வேண்டும். ஆகவே சம்பளம் 14 நாள் தாமதித்தாலே, கிளப் மாறுவதற்கான தொகை எதுவும் இல்லாமல் வேறு கிளப்பில் சேரும் உரிமையை நிலையான ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இப்போது அதற்கு வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது. சம்பளம் வராதவர் வக்கீலுக்கு எங்கே போவார்?

வெளிநாட்டு ஆட்டக்காரரின் நிலை இதைவிட இறுக்கம். விசா, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அந்தக் கிளப்புக்கு இருக்கும் ஸ்பான்சர் உரிமத்தோடு கட்டப்பட்டது. கிளப் போனால் உரிமமும் போகும். விசாவைச் சுருக்கும் கடிதம் வந்தால் பொதுவாக 60 நாள். அதற்குள் புதிய கிளப், புதிய ஸ்பான்சர் சான்று, உங்கள் ஒப்புதல் எல்லாம் வேண்டும். சிட்னியிலிருந்தோ போர்ட் மோர்ஸ்பியிலிருந்தோ மனைவி பிள்ளைகளோடு வந்தவருக்குப் பள்ளியும் வாடகை வீடும் இருக்கிறது. உங்கள் பங்கான ஒப்புதலையாவது ஏழு நாளில் கட்டணமின்றிக் கொடுத்துவிடுங்கள்.

களத்துக்கும் ஒரு விதி வேண்டும். கிளப்பைச் சாராத மருத்துவர் ஒருவர், ஆட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் பட்டியலைப் பார்த்து, நடுவில் ஆடக்கூடிய முதிர்ந்த உடல்கள் குறைந்தது ஆறு இருக்கின்றனவா என்று சான்று தரட்டும். இல்லையென்றால் ஆட்டம் தள்ளிப்போகட்டும். எதிரணிக்கு நுழைவுச்சீட்டு வருமான இழப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. அதை உரிமையாளரின் வைப்புத் தொகையிலிருந்து கொடுங்கள். 48-0 என்று ஆட்டக்காரர்களின் பெயருக்கு நேரே எழுதாதீர்கள்.

புள்ளிக் குறைப்பு தண்டனையும் அப்படித்தான். பிராட்ஃபோர்டு புல்ஸ் 2017 ஜனவரியில் கலைக்கப்பட்டது. புதிய கிளப் அதே ஆண்டு மைனஸ் 12 புள்ளியில் தொடங்கிக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. சூப்பர் லீகுக்குத் திரும்ப 2026 ஆனது. பழைய கணக்கை எழுதியவர்கள் யாரும் அந்த 12 புள்ளியைச் சுமக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் சுமந்தார்கள்.

தரவரிசைக்கான 20 புள்ளிகளில் நிதிக்கு 4.5 வைத்திருக்கிறீர்கள். அதில் முழுதாக ஒரு புள்ளியை, பன்னிரண்டு மாதமும் சம்பளம் சொன்ன தேதியில் போனதா என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள். அடுத்த தரவரிசை வெளியாகும் நாளில், ஒவ்வொரு கிளப்பின் பெயருக்கு எதிரிலும் அந்தப் பன்னிரண்டு தேதிகளையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ரக்பி லீகைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள்