தங்கமும் கின், வெள்ளியும் கின்

அன்புள்ள தோழி,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. டிசம்பரில் நடந்த ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 படியைத் தேறிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டேன். ஆனால் அதே கடிதத்தில் "வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை" என்று புலம்பியிருக்கிறாயே, அது உன் குற்றமே இல்லை. என்5-இல் தொடங்கி என்1 வரை அந்தத் தேர்வின் எந்தப் படியிலும் பேச்சுப் பகுதி கிடையாது. கேட்கலாம், வாசிக்கலாம், விடையைக் கறுப்படிக்கலாம், அவ்வளவுதான். பேசாமலே தேற முடிகிற தேர்வுக்குப் படித்தால் பேச்சு எங்கிருந்து வரும்?

என் கதை உனக்கு நேர் எதிர். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது, காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். தினமும் அரை மணி நேர ஒலிப்பாடம் ஒன்று, நடந்துகொண்டே. இது பால் பிம்ஸ்லர் என்கிற அமெரிக்கர் வகுத்த முறை. ஒரு சொல்லைக் கற்றதும் 5 நொடியில் திரும்பக் கேட்பது, பிறகு 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று மறக்கப் போகிற நேரம் பார்த்துக் கேட்டுக் கேட்டு இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது என்று 1967-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் போட்ட கணக்கில் கடைசி இடைவெளி 2 ஆண்டு! பாடத்தில் "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சில நொடி மௌனம் விடுவார்கள். அந்த மௌனம்தான் பாடமே. முதல் பத்துப் பாடத்தை, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு உதட்டை மட்டும் அசைத்து ஓட்டினேன். எல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது சத்தமாகவே சொல்கிறேன், எதிரே வருபவர்கள் கொஞ்சம் விலகித்தான் போகிறார்கள்.

நான் பட்ட பெரிய அவதி வேறு. பாடம் ஆங்கிலத்தில் கேட்கிறது, நானும் ஆங்கிலத்திலேயே யோசித்து அதைத் தலைகீழாகப் புரட்டி ஜப்பானியத்தில் அடுக்குவேன், அதற்குள் மௌனம் முடிந்து பாடத்தில் பேசும் அம்மாள் விடையைச் சொல்லிவிடுவார். ஒருநாள் "அமே கா ஃபுரு தோ ஒமோய்மாஸ்" என்று ஒரு வாக்கியம் வந்தது. அமே மழை, கா எழுவாயைக் காட்டும் ஒட்டு, ஃபுரு பெய்யும், தோ என்று, ஒமோய்மாஸ் நினைக்கிறேன். மழை பெய்யும் என்று நினைக்கிறேன்! நடையை நிறுத்திவிட்டேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம், நம் "என்று" உட்பட. அன்றிலிருந்து ஆங்கிலக் கேள்வியை முதலில் தமிழாக்கிக்கொண்டு, பிறகுதான் ஜப்பானியத்துக்குப் போகிறேன். கேட்கச் சுற்றுவழி மாதிரி இருக்கும், உண்மையில் இதுதான் எனக்குக் குறுக்குவழி.

துணைவினைகளைப் பார், இன்னும் வேடிக்கை. "யோன்டெ மிமாஸ்" என்றால் படித்துப் பார்க்கிறேன், அந்த 'மிரு'வுக்குப் பொருளே பார்ப்பதுதான். "யோன்டெ ஒகிமாஸ்" படித்து வைக்கிறேன், 'ஒகு' என்றால் வைப்பது. "யோன்டெ ஷிமாய்மாஷ்தா" படித்துவிட்டேன். உன் இலக்கணப் புத்தகத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்க விளக்கம் இருக்குமே, நமக்கு அது தேவையா சொல்? கோனோ, அனோ, தோனோ மூன்றும் இந்த, அந்த, எந்த. நடுவில் எதிராளிக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட 'சோனோ' என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் யாழ்ப்பாணத்தார் 'உந்த' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். (உடனே "அப்போ இரண்டும் ஒரே குடும்பமா" என்று ஆரம்பிக்காதே. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படித்தான் வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன.)

உச்சரிப்பில் நமக்குப் பாதி லாபம், பாதி நஷ்டம். லாபம் என்னவென்றால் குறில், நெடில், ஒற்று மூன்றும் பிறந்ததிலிருந்து காதில் இருக்கின்றன. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி, நாம் இதில் தடுமாறவே மாட்டோம். 'கிதே குதசாய்' என்றால் வாருங்கள், 'கித்தே குதசாய்' என்றால் வெட்டுங்கள். வல்லினம் மிகும் இடத்தை இவ்வளவு கவனமாக நான் பள்ளியில்கூடப் படித்ததில்லை. ஒன்று மட்டும் பழக வேண்டியிருந்தது. நம் கணக்கில் ஒற்றுக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு ஒன்று முழுசு. ஜப்பானுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'நிப்பொன்', அதற்கு நி, ப், பொ, ன் என்று நாலு தட்டு.

நஷ்டம் எங்கே வந்தது தெரியுமா? கேட்டதையெல்லாம் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் தங்கமும் 'கின்', வெள்ளியும் 'கின்'. முதலாவதை வலித்துச் சொல்ல வேண்டும், இரண்டாவதை மெலிந்து. கியோட்டோவில் தங்கக் கோயில், வெள்ளிக் கோயில் என்று இரண்டு இருக்கின்றனவே, என் நோட்டில் இரண்டும் ஒரே கோயில். இப்போது நோட்டை மூடிவிட்டு ஹிரகனா என்ற அவர்களுடைய ஒலியெழுத்து 46-ஐயும் கற்றுக்கொண்டேன். அதில் 'கி' மேல் இரண்டு சிறு கோடு போட்டால் மெலிந்துவிடுகிறது, தீர்ந்தது பிரச்சினை. காதால் மட்டுமே கற்பேன் என்ற என் சபதம் அதோடு போயிற்று, சிரித்துக்கொள்.

அப்புறம், பாடம் சொல்லித் தராத ஒன்று. அலுவலகத்தில் ஒசாகாக்காரர்களோடு வாராவாரம் தொலைபேசிக் கூட்டம். போன மாதம் ஒருவர் நீளமாக எதையோ விளக்க, நான் மரியாதையாக வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி "மோஷி மோஷி?" என்றார், நம் 'ஹலோ' மாதிரி. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தாராம்! பிறகுதான் புரிந்தது, அங்கே பேசுகிறவருக்கு மூச்சுக்கு மூச்சு 'ஹாய்', 'ஏ', 'சோ தெஸ் நே' என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'அய்சுச்சி' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கதை கேட்கும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதேதான், கொஞ்சம் அதிகமாக. இன்னொன்று, 'நீங்கள்' என்பதற்குப் பாடத்தில் வாய்க்கு வாய் வரும் 'அனாத்தா'வை நம்பி அதே ஆளை அப்படியே கூப்பிட்டுவிட்டேன். அது அவ்வளவு மரியாதையில்லை, பெயரோடு 'சான்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்தால் போதும் என்று கூட்டம் முடிந்த பிறகு ஒரு நல்ல மனுஷி மெதுவாகச் சொன்னாள்.

எண்களில் இன்னும் அடி வாங்குகிறேன். பத்தாயிரத்துக்கு 'மான்', லட்சத்துக்குப் 'பத்து மான்'. கோடி என்றால் ஆயிரம் மான் என்று மனதுக்குள் பெருக்கி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த வரவு செலவுக்குப் போய்விடுகிறார்கள்.

உனக்குப் புதுப் பாடம் எதுவும் வாங்க வேண்டாம். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனத்தின் என்.எச்.கே. வேர்ல்டு தளத்தில் 48 பாடம் இலவசமாக இருக்கிறது, ஒவ்வொன்றும் 10 நிமிடம்தான். உனக்கு அது சுலபமாகப்படும், படட்டும். எழுத்தைப் பார்க்காதே, கேட்டு, நிறுத்தி, தமிழில் நினைத்து, சத்தமாகச் சொல்.

ஞாயிறு மாலை அழைக்கிறேன். முதல் பத்து நிமிடம் தமிழும் கூடாது, ஆங்கிலமும் கூடாது. நீ என்ன உளறினாலும் நான் 'ம்' கொட்டுகிறேன். அப்புறம் என் மேலாளர் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் இருக்கிறது, முழுக்கக் கான்ஜி. அதை நீதான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி