கோடைக்கானல்ல ஐப்பசி

மாப்ள,

எப்படிடா இருக்க, முட்டி வலி தேவலையா? ஃபோன்ல சொல்லலாம்னா நீ எடுத்த உடனே அரசியல் பேச ஆரம்பிச்சுருவ, அதான் டைப் பண்றேன்.

போன வாரம் கோடைக்கானல் போயிட்டு வந்தேன், தனியாத்தான். கார்ல போனா இ-பாஸ் எடுக்கணும், அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு வத்தலக்குண்டுல கவர்மென்ட் பஸ் ஏறிட்டேன். அங்க சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு, வெள்ளி அருவி வர்றதுக்குள்ள கண்டக்டரே மஃப்ளர எடுத்து காதச் சுத்திட்டாரு, என் ஸ்வெட்டர் பாத்தா பையோட அடியில.

நாம காலேஜ்ல போனதெல்லாம் மே மாசம், அது வேற ஊருடா. இப்ப மேகாத்து ஓஞ்சிருச்சு, வாடை இன்னும் முழுசா திரும்பல, ரெண்டுங்கெட்டான் காலம். காலைல எட்டு மணிக்கு கோக்கர்ஸ் வாக்ல நின்னா கீழ பெரியகுளம் பக்கத்து கண்மாயெல்லாம் தகரத்துண்டு மாதிரி மின்னுது. பதினோரு மணி வாக்குல பள்ளத்துலருந்து மஞ்சு ஏற ஆரம்பிக்குது, மொதல்ல மரத்தோட தூரு மறையுது, அப்புறம் கைப்பிடிக் கம்பி, அப்புறம் பக்கத்துல சோளம் சுடுற அக்கா, அவங்க விசிறி மட்டும் படபடன்னு கேக்குது. ரெண்டு மணிக்கு இடியோட மழை. கோடைக்கானலுக்குப் பெரிய மழையே ஐப்பசி கார்த்திகைலதானாம், டீக்கடைக்காரர் சொன்னாரு. 1899-ல ஆரம்பிச்ச அப்சர்வேட்டரி வச்சு சூரியனப் பாக்குற ஊருடா அது, மூணு நாள்ல மதியத்துக்கு மேல நான் ஒரு தடவகூட பாக்கல. அவங்கல்லாம் காலைலயே பாத்து முடிச்சிருவாங்கபோல.

ராத்திரி லாட்ஜ் வாசல்ல காட்டுமாடு ஒண்ணு நின்னு எங்க ஓனரோட பூந்தொட்டிய நிதானமா தின்னுச்சு, யாரும் கண்டுக்கல.

மூணாம் நாள் பூம்பாறை. குழந்தை வேலப்பர கும்பிட்டுட்டு வர்றப்ப மழை புடிச்சிருச்சு, ஒரு வீட்டுத் திண்ணையில ஒதுங்குனேன், பாட்டி உள்ள வந்து அடுப்புகிட்ட உக்காரச் சொன்னாங்க. மேல பாத்தா உத்தரம் முழுக்க மலைப்பூண்டு, தாளோட கட்டுக்கட்டா தொங்குது, புகை ஏறி தோலெல்லாம் செம்பு நெறத்துல. "புகை படலன்னா இந்த ஈரத்துக்கு பூத்துப் போயிரும்யா"ன்னாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பூண்டாச்சேன்னு பெருமையா எடுத்து விட்டேன், அதுக்கு அவங்க, "அதெல்லாம் சரி, வெல சொல்றவன் யாரு"ன்னு கேட்டுட்டு கட்டங்காப்பியக் கைல குடுத்தாங்க. நான் வாயே தொறக்கல.

2018-ல குறிஞ்சி பூத்தப்ப வர்றேன்னு சொல்லி கால வாரினவன் நீ, அடுத்து 2030-லதான். அதுவரைக்கும் உன் முட்டி தாங்குமான்னு சந்தேகமா இருக்கு, அதனால தை மாசமே போயிருவோம்.

உனக்கு ஒரு கிலோ பூண்டு வச்சிருக்கேன், மதுரை வர்ற வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல மூடவே விடல. பையன அனுப்பி சீக்கிரம் எடுத்துக்க, வீட்டுல திட்டு விழுது.

உன் மாப்ள