தலைப்பை மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

ஆராய்ச்சித் தலைப்பை மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்வதையெல்லாம் ஆராய்ந்தால் யார் மதிப்பார்கள், பரிசும் பெயரும் மூளையை ஸ்கேன் செய்து பார்ப்பவர்களுக்குத்தானே என்று கேட்டிருக்கிறாய். மூளை ஆராய்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நீ சொல்லும் காரணம் சரியில்லை, கயல்.

நீ இருக்கும் டொரண்டோவில்தான் கெய்ர்ட்னர் அறக்கட்டளை இருக்கிறது. 1959 முதல் மருத்துவ ஆராய்ச்சிக்காக அது தரும் விருதை வாங்கிய பலர் பின்னாளில் நோபலும் வாங்கினார்கள். அதன் உலக சுகாதார விருது 2019இல் யாருக்குப் போயிற்று தெரியுமா? கோவாவில் மனநலத்துக்காக உழைக்கும் சங்காத் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் விக்ரம் படேலுக்கு.

என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊரில், பிள்ளை பெற்ற சில மாதங்களில் பேச்சே குறைந்துபோன ஒரு பெண் இருந்தாள். மனநல மருத்துவரைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வீட்டில் அனுப்பமாட்டார்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அவளோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். என் பேச்சால்தானா, தானாகவா? அதை அளந்து பார்க்க அப்போது யாரும் வரவில்லை.

கோவாவில் படேலின் குழுவினர் அளந்தார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களிடம் ஒன்பது கேள்விகள் கேட்டு, மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களைக் கண்டறிந்தார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் 495 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்; மறு பாதிக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வு ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மனநலத் துறையில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அந்தப் பகுதியிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண மனிதர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீங்கியிருந்தது. மற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கு. ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது. மூன்று மாத முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆலோசனை என்றால் அறிவுரை சொல்வது அன்று. சோர்வில் கைவிட்ட காரியங்களை ஒவ்வொன்றாக மறுபடி செய்யவைப்பது, வீட்டுச் சிக்கலுக்கு வழி தேடச் சேர்ந்து உட்காருவது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஆலோசகர்கள் தங்கள் உரையாடல் பதிவுகளை ஒன்றாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். எங்கள் மாதாந்திரக் கூட்டங்களில் பதிவேடுகளைச் சரிபார்ப்போம். நாங்கள் பேசிய பேச்சை யாரும் கேட்டதில்லை. அந்தப் பேச்சுக்கும் தரம் உண்டு, அதைப் பழகி உயர்த்தலாம் என்று காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய காரியம்!

நம் நாட்டில் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அவர்கள் எல்லோருக்கும் போதுமான மருத்துவர்கள் வரும்வரை காத்திருக்க முடியுமா? நீ எடுத்திருக்கும் கேள்வி இதுதான்.

ஸ்கேன் ஆராய்ச்சியில் உண்மையிலேயே மனம் போனால் போ, தடுக்கமாட்டேன். விருது அங்கேதான் கிடைக்கும் என்று மட்டும் நினைத்துப் போகாதே. படிவத்தைப் பேராசிரியரிடம் கொடுக்கும் முன், ஞாயிற்றுக்கிழமை போன் செய். அந்தக் கட்டுரையை நீயும் படித்துவிட்டு வா, பேசுவோம்.

அன்புடன்,
அம்மா