காட்டுக்குளங்களைத் தூரெடுத்துத் தாருங்கள்

எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் காட்டுக்கும் குளத்துக்கும் வனவிலங்குக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஆவணியில் எங்கள் ஊர்த் தோட்டக்கிணற்றில் ஒரு மரையும் (கடமான்) குட்டியும் விழுந்து செத்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே தகவல் தந்தோம். வாகனத்துக்கு டீசல் இல்லை என்றார்கள். பிறகு எழுத்திலும் கொடுத்தோம், பதில் இல்லை.

அது யுத்தம் முடிந்து மீள்குடியேறிய பிறகு கையால் வெட்டிய கிணறு. சுற்றிக் கட்டுக் கட்ட இன்னும் காசு சேரவில்லை. கோடையில் நாலைந்து வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். விடியப் போய்ப் பார்த்தபோது குட்டி மிதந்துகொண்டிருந்தது, தாய் நீந்திக்கொண்டிருந்தது. கிணற்றுச் சுவரெல்லாம் குளம்பு கீறிய தடம். கயிறு போட்டு ஊரே சேர்ந்து இழுத்தோம். மேலே வரும்போது உயிர் இருந்தது, மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது. பிறகு தண்ணீரை முழுக்க இறைத்து ஊற்ற வேண்டி வந்தது. அந்த வெயிலில் இறைத்த கிணறு லேசில் ஊறுமா? அதுவரை அந்த வீட்டுப் பெண்கள் குடத்தோடு எங்கெல்லாம் அலைந்தார்கள் என்று ஒருமுறை வந்து அவர்களிடமே கேளுங்கள்.

மரை ஆளைக் கண்டால் ஒதுங்குகிற பிராணி. அது வீட்டு வளவுவரை வருகிறதென்றால் காட்டுக்குள் தண்ணீர் இல்லை என்றுதான் அர்த்தம். காட்டுக்குள் இருக்கும் சிறுகுளங்களும் மோட்டைகள் என்கிற நீர்க்குழிகளும் யுத்த காலத்திலிருந்து பராமரிப்பில்லாமல் தூர்ந்து கிடக்கின்றன. மழையும் முன்போல இல்லை. 2016 மாரி பொய்த்து அடுத்த வருடம் முழுக்க வறண்டது. 2018 மார்கழியில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் ஒரே மழையில் வெள்ளக்காடாகின. இப்படிக் கொட்டுகிற மழையைத் தூர்ந்த குளம் பிடித்து வைக்காது. குளக்கட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும், பங்குனி சித்திரையிலேயே தரை வெடித்துவிடும்.

கலிபோர்னியாவின் பாலைவன மலைகளில் வாழும் காட்டாடுகளைப் பற்றி 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கிருந்த 80 கூட்டங்களில் 30 கடந்த நூற்றாண்டுக்குள் அற்றுப்போயிருந்தன. உயரம் குறைந்த, மழை குறைந்த, ஊற்று இல்லாத மலைகளில் இருந்தவைதான் அதிகம் அழிந்தன. உயர்ந்த மலையும் வற்றாத ஊற்றும் கிடைத்தவை தப்பின. எங்கள் மரைக்கும் மானுக்கும் ஏறிப்போக மலை இல்லை. வன்னி தட்டை நிலம். வெயில் ஏறினால் அவை போகக்கூடிய ஒரே இடம் குளம், குளத்தைச் சுற்றி நாங்கள் இருக்கிறோம். விலங்கு தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கும் சுருக்கும் வைக்கிறவர்களும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

ஆகவே காட்டுக்குள் இருக்கும் சிறுகுளங்களைத் தூரெடுத்துத் தாருங்கள். பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. உடைந்த கட்டையும் மிகைநீர் வழிகிற வானையும் திருத்தி, குளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக்கினால் போதும். விலங்கு இறங்கி ஏறச் சரிவு விட வேண்டும். கட்டில் நிற்கும் மருதமரங்களை வெட்டக் கூடாது. தூரெடுப்பு என்ற பெயரில் மணலை டிப்பரில் ஏற்றி விற்கிற வேலையாகவும் அது மாறக் கூடாது.

யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. குளம் ஒரு திணைக்களம், காடு இன்னொன்று, விலங்கு மூன்றாவது. ஒவ்வொரு கந்தோரிலும் மற்றதைக் கைகாட்டி அனுப்புகிறார்கள். ஆனால் நாங்கள் பரம்பரையாக விதைத்த காணிக்குள் எல்லைக்கல் நட மட்டும் தேடி வருகிறார்கள். அதற்கு டீசல் இருக்கிறது. யானைவேலி போடுகிறீர்கள், நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலி தாகத்தைத் தீர்க்காது ஐயா. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தால்தான் விலங்கு இந்தப் பக்கம் வராது.

கோபத்தில் எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். யோசித்துத்தான் எழுதுகிறோம். இந்த ஆடிக்கும் புரட்டாதிக்கும் இடையில், ஐப்பசி மழைக்கு முன், எங்கள் பக்கத்துக் காட்டுக்குளங்களையாவது தூரெடுத்துத் தாருங்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் தர முடியாவிட்டால் மூன்று திணைக்களமும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்றையாவது தாருங்கள். மண்வெட்டியோடு நாங்கள் போகிறோம். அனுமதியில்லாமல் போனால் காட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்கு எங்களைத்தான் பிடிப்பீர்கள்.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர், ஊரவர்கள் சார்பில்